கடலில் ஊறிய ஜாடி

விலைமதிக்க முடியாத அந்த ஜாடிக்கு ஷகீப் வைத்த விலை எட்டாயிரம் டாலர்.

மூவாயிரம் வருடத்துக்கு முந்திய பினீசியச் சரக்கு, ஸூர் நகரத்துக் கடலடியில் கிடைத்தது என்று, கடைக்கு வந்த டச்சுக்காரனின் காதில் கிசுகிசுத்தான். தன் ஊரில் நாலு வீடு வைத்திருக்கும் அந்த ஆசாமி ஐந்நூறு டாலர் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் கெஞ்சினான். பிறகு ஜாடியை அழுக்குத் துணியில் சுருட்டிக்கொண்டு போய், பெய்ரூத் விமான நிலையத்தில் வசமாக மாட்டினான். மாட்டியதும் ஷகீப்பின் கடை முகவரியைக் கக்கிவிட்டான்.

புராதனப் பொருள் கடத்தல்; மூன்று வருடம் நிச்சயம் என்றார் இன்ஸ்பெக்டர்.

ஷகீப் பதறவில்லை. "நாலு வருஷம் முன்னாடி நானே சக்கரத்துல சுத்தின ஜாடி ஐயா இது. போலி வித்ததுக்கு அபராதம் போடுங்க, கட்டிடறேன்."

"மாட்டினவன் எல்லாம் இதைத்தான் சொல்றான்."

"அப்ப உஸ்தாத் முனீரைக் கூப்பிடுங்க."

முனீர் அருங்காட்சியகத்துப் பேராசிரியர். போலியை வாசலில் நின்றே மோந்து பிடிப்பவர். காசுக்கு மசியாதவர். ஷகீப்பின் தொழிலுக்கே சாபக்கேடு. இன்று அந்தச் சாபமே வரமாகிறது என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

முனீர் வந்ததும் மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஷகீப் தொழில் ரகசியம் முழுவதையும் கொட்டினான். வலையில் கட்டி இரண்டு குளிர்காலம் கடலில் ஊறவிட்டால் போதும், சிப்பி ஒட்டி ஜாடிக்கு வயது தானாக ஏறிவிடும். உள்ளே அடியில் தன் கட்டைவிரல் ரேகைகூட இருக்கிறது.

முனீர் உள்ளே விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்தது.

"பத்து வருஷம் முன்னாடி புயல்ல உன் வலை ஏதாவது அறுந்துதா?"

"ஆமா உஸ்தாத். பதினொரு ஜாடி போச்சு."

"எங்கே போச்சு? மீனவங்க அள்ளிட்டு வந்து எங்கிட்டதான் கொடுத்தாங்க. ஸ்பெயினுக்கு யாவாரத்துக்குப் போன பினீசியக் கப்பல் இங்கே முழுகிச்சுன்னு புத்தகமே எழுதிட்டேன். பழங்காலக் குயவனோடதுன்னு இதே ரேகையைத்தான் அட்டையில போட்டிருக்கு. அடுத்த மாசம் ரோம்ல விருது."

ஷகீப்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நல்லதாப் போச்சு உஸ்தாத். என் கைவேலைன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

முனீர் சான்றிதழ்த் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

மாலைக்குள் கணக்கு நேராகிவிட்டது: அருங்காட்சியகத்துக்கு அசல் பினீசிய ஜாடி பன்னிரண்டு, ஷகீப்புக்கு வருடம் மூன்று.