சத்தமில்லாத தொட்டி

அவள் வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

மிளகு அளவு நண்டுகள். ஆளுக்கொரு குட்டிச் சங்கைச் சுமந்துகொண்டு தொட்டி மணலில் மேய்கின்றன. திடீரென்று எல்லாம் ஒன்றாக உடம்பைச் சங்குக்குள் இழுத்துக்கொள்கின்றன.

அப்புறம் மணலில் வெறும் சங்குகள்தான்.

பக்கத்து அறைத் தொட்டியில் இது நடந்தால் நியாயம். அதற்குள் ஒலிபெருக்கியை ரப்பர் பையில் கட்டித் தொங்கவிட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் பதிவுசெய்த கப்பல் எஞ்சின் சத்தத்தை ஓடவிட்டிருக்கிறாள். அங்கே நண்டுகள் தீனியை விட்டுவிட்டு ஒடுங்கும். அதைக் காட்டத்தான் இந்த ஆராய்ச்சியே. ஆனால் இது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த தொட்டி. இதற்குள் தண்ணீரையும் மணலையும் தவிர ஒன்றும் இல்லை.

இதுகளுக்கு என்ன வந்தது?

சும்மா கிடக்கிற தொட்டியிலும் நண்டு பயப்படுகிறது என்றால், கப்பலைக் குறை சொல்ல அவளுக்கு வாய் ஏது? நாளைக்குப் பேராசிரியர் வந்து கேட்டால் பட்ட பாடெல்லாம் மண்ணாகப் போகும்.

தண்ணீரை மாற்றிப் பார்த்தாயிற்று. தீனியையும் மாற்றியாயிற்று. கூட ஆராய்ச்சி செய்யும் ஜெபசிங் தொம் தொம்மென்று நடக்கிறான் என்று அவன் மேல் பழியைப் போட்டாள். பாவம் அந்த மனுஷன், அன்றிலிருந்து செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்தான்.

நண்டுகள் அப்போதும் ஒடுங்கின.

வீட்டுக்குக் கிளம்பிய ஜெபசிங், அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலில் நின்றான்.

"சத்தம் வச்சுப் பாத்தீங்களாக்கா?" கேட்டுவிட்டு அவன் கிளம்பிப் போனான்.

பார்க்கவில்லை. நண்டு என்ன பாட்டா பாடப்போகிறது என்று கேமராவில் பதிவான ஒலியை அவள் கேட்டதே இல்லை.

ஹெட்போனைக் காதில் மாட்டினாள்.

முதலில் மின்விசிறி. வெளியே எங்கோ ஒரு காக்கை. பிறகு ஒரு பொம்பளைக் குரல்.

"பிள்ளையக் கேட்டுப் போன் போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? அவ என்கூடத்தான் இருப்பா. உங்க அம்மா வீட்டுக்கெல்லாம் அனுப்ப முடியாது!"

அடுத்து, பொத்தென்று ஓர் அடி.

நண்டுகள் உள்ளே போயின.

அது தன் குரல் என்று உறைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்தக் கட்டடத்தில் போன் சிக்னல் கிடைக்கிற ஒரே மூலை ஜன்னலோரம். தொட்டி இருப்பதும் அந்த ஜன்னலோர மேசையில்தான். சாயங்காலமானால், பிரிந்து திருப்பூரில் இருக்கிற கணவன் கூப்பிடுவான். மேசையருகே நின்றுதான் பேசுவாள். பேச்சு முற்றினால் உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடிப்பாள். அவளுக்குத் தெரியாமலே கை அடித்துவிடும்.

வாய்ப்பேச்சு தண்ணீருக்குள் அவ்வளவாக இறங்காது. மேசையில் விழுகிற அடி இறங்கும். அதைப் படிக்கிறவளே அவள்தான்.

சிரிப்பு வந்தது. ஐயோ, ஜெபசிங்கின் செருப்பு! போன உயிரும் திரும்பி வந்தது. தொட்டியை வேறு மேசைக்கு மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் போதும்.

உறுதி செய்துகொள்ள இன்னொரு தடவை ஓடவிட்டாள்.

கேமரா மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறது. தொட்டி. மேசையின் விளிம்பு. அதற்குக் கீழே கொஞ்சம் தரை.

தரையில் இரண்டு கறுப்பு ஷூ.

அக்ஸா. அவள் மகள். பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்துவிடுவாள். அந்த மேசைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து படம் வரைவாள். தொந்தரவே தராத பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

வீடியோவில் அடி விழுந்தது.

நண்டுகள் ஒடுங்கின.

ஷூக்களும் உள்ளே போயின.

அவள் நிறுத்தவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு நண்டு மீசையை மட்டும் நீட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. மெல்ல மெல்ல எல்லாம் மேயத் தொடங்கிவிட்டன.

ஷூக்கள் வெளியே வரவில்லை.

வீடியோ முடியும்வரைக்கும் வரவில்லை.

அவள் ஹெட்போனைக் கழற்றவும் ஜன்னலோர மேசையில் போன் அதிரவும் சரியாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். மேசைக்கு அடியிலிருந்து நீண்டிருந்த இரண்டு கறுப்பு ஷூக்கள் அதற்குள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

அவள் இன்னும் போனை எடுக்கவேயில்லை. வாயையே திறக்கவில்லை.

அழுகை முட்டியது. அழுதால் அதுவும் சத்தம்தான் என்று அடக்கிக்கொண்டாள்.

எழுந்து போய்ப் போனை அணைத்தாள். மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு பிள்ளை.

அள்ளி எடுத்து மடியில் போட்டுக்கொள்ளக் கை துடித்தது.

சங்குக்குள் போன நண்டை வெளியே இழுத்தால் அறுந்துதான் வரும். அது தானாக வரவேண்டும். இங்கே வேலைக்கு வரும் புதியவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

வலது உள்ளங்கையைத் தரையில் மல்லாக்க வைத்தாள்.

அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.