கணக்கில் அடங்கிய அறை

பத்தாயிரம் ரூபாய்க்குள் ஓர் அறையை வடிவமைத்துக் காட்டச் சொன்னார் கணக்கு டீச்சர். பென்சிலுக்கு ஒரே குஷி. கட்டம் போட்ட தாளில் கட்டில், மேசை, ஃபேன், ஜன்னல், கதவு எல்லாம் வரைந்து தள்ளியது. போதாக்குறைக்குக் கட்டிலில் ஒரு குட்டிப் பெண்ணையும் உட்கார வைத்தது. பக்கத்தில் கிடந்த ரப்பருக்கு அவளைப் பிடித்துப்போனது.

கூட்டிப் பார்த்தால் செலவு எகிறிவிட்டது.

"கட்டிலை அழிக்கட்டுமா?" என்று கேட்டது ரப்பர்.

"அறைக்கு அழகே அதுதான். ஜன்னலை அழி."

அழித்தது. அப்போதும் கணக்கு இடித்தது.

"கதவையும் எடுத்துடு," என்றது பென்சில்.

"அப்புறம் அவ எப்படி வெளியே வருவா?"

"அவளுக்கு விலையே போடலியே. கணக்குல வராதவளுக்காக ஏன் கிடந்து தவிக்கிறே?"

ரப்பர் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தது. நூற்றுக்கு நூறு கிடைத்தது. தாளை வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள்.

மறுநாள் பாடம் நடக்கும்போது, தாளுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு படபடவென்று. ரப்பரின் உடம்பில் கதவின் கரி இன்னும் ஒட்டியிருந்தது.

"ஒரு கதவு மட்டும் வரைஞ்சிடேன்," என்று கெஞ்சியது. பென்சில் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை சத்தம் நின்றுபோனது.

"பாத்தியா," என்றது பென்சில், "அவளுக்குப் பழகிடுச்சு."