தம்பி கொண்டுவந்த ரத்தம்

இருதய ஆபரேஷனில் சிந்தும் ரத்தத்தை மிஷினே சுத்தம் செய்து திருப்பி ஏற்றிவிடுவதால், அடுத்தவர் ரத்தம் ஏற்றும் வழக்கம் ஒழிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அது கோமதிநாயகத்துக்கும் தெரியும். இருந்தாலும், "அண்ணனுக்கு ஆபரேஷன். உங்க குரூப் ரத்தம் வேணும்னு சொல்லச் சொன்னாக" என்று அண்ணி போனில் சொன்னதும், பொய்க்கும் ஒரு மரியாதை வேண்டாமா என்று ஒரு வாரம் பேரீச்சம்பழம் தின்றுவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதற்காகப் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவர், சும்மா எப்படிப் போய் நிற்பது?

வார்டில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்து நர்ஸ் சிரித்துவிட்டாள். "ரத்தமா? எந்தக் காலத்துல சார் இருக்கீங்க? அவர் ரத்தமே அவருக்குப் போதும்."

கட்டிலில் கிடந்த அண்ணன் உலகநாதன், குட்டு உடைந்த வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோமதிநாயகம் சட்டைக் கையை இறக்கவில்லை. "இருக்கட்டும்மா. மிஷின் மக்கர் பண்ணிச்சுன்னா? ஆபரேஷன் முடியுத வரைக்கும் இங்கனயே உக்காந்திருக்கேன்."

"இவன் ரத்தத்த ஏத்துனா, இருக்குற ரோஷம் ரெண்டு மடங்காயிரும்மா" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே. பிறகு கையைப் பின்னால் துழாவித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிரஷர் பார்க்க நர்ஸ் கை கேட்டபோது, இன்னொரு கையைக் கொடுத்தார்.