சாட்சி சொன்ன சுவர்

ஸ்ரீவராகம் அக்ரகாரத்தில் எனக்கும் அடுத்த வீட்டு நாகேஸ்வரய்யருக்கும் ஒரே பொதுச்சுவர். மழையில்லாத கும்ப மாதத்திலும் அது ஓதம் காத்தது. இரண்டு குளியலறைகளும் அதை ஒட்டியே இருந்ததால், யார் வீட்டுத் தண்ணீர் என்பதுதான் சண்டை.

“அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் ஓய்! சம்பந்தி கண்ணுல இது படலாமா? உம்மாத்து ஜலம்தான்!”

“உம்மாத்து ஜலம்தான்!” என்றேன்.

கடைசியில் அவரே ஒரு பரீட்சை சொன்னார். “நான் எங்காத்துல மஞ்சள் கரைச்சுக் கொட்டறேன். நீர் குங்குமம் கரைச்சுக் கொட்டும். சுவர்ல மஞ்சள் வந்தா தப்பு என்னோடது. சிவப்பு வந்தா உம்மோடது.”

சம்மதித்தேன். ஆனால் வெறும் தண்ணீரைத்தான் கொட்டினேன். அதற்கு ஏது நிறம்?

நாலாம் நாள் சுண்ணாம்புக் காரை முழுவதும் சிவந்து நின்றது.

“இப்போ என்ன சொல்றீர்?”

கரைக்காத குங்குமம் சுவரில் நிற்கிறது! என் திருட்டைப் பத்மநாப சுவாமியே பார்த்துவிட்டார் என்று பயந்துபோனேன். கொத்தனைக் கூப்பிட்டு, என் குளியலறையை இடித்து, சுவருக்கு இருபுறமும் புதுக்காரை பூசிக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஆரத்தி எங்கே?” என்று நாகேஸ்வரய்யர் கத்தினார்.

“இதோ ஆச்சு மாமா” என்று என் மனைவி லலிதாம்பாள் தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டாள்.

தண்ணீர் குபீரென்று சிவந்தது.

“ஓய்! அப்போ சுவர்ல வந்தது உம்ம மஞ்சள்!” என்று நான் அலறினேன்.

நாகேஸ்வரய்யர் தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அது சரி. உம்ம குங்குமம் எங்கே போச்சு?”