பெருவிரல் தடம்

உலோகத்தின் மேற்பரப்பைப் பதப்படுத்தும் அயனிக் கற்றை பாய்ந்த எஃகுக் கலத்தின் கண்ணாடிச் சாளரத்தில் ஊதா ஒளி அணைகிறது; பம்பின் முனகல் மெல்ல அடங்குகிறது. அப்பாவின் அளவுக்கென்றே செய்த டைட்டானிய இடுப்பு மூட்டினை அவள் கையுறையணிந்த கைகளால் எடுத்து விளக்கின்கீழ்த் திருப்புகிறாள். எலும்பு பற்றிக்கொள்ள வேண்டிய தண்டின் நடுவே, பழுப்பாக, ஒரு பெருவிரலின் ரேகை பதிந்திருக்கிறது. “யாரு வெறுங்கையால தொட்டது?” என்கிறார் மேற்பார்வையாளர். “விரல் பிசுக்கு வெந்து உள்ள இறங்கிருச்சு. இனி இது உடம்புக்கு ஆகாது. இன்னொண்ணு செய்ய மாசக்கணக்காகும். கையுறை, கையுறைன்னு எங்க உசிர வாங்குவியே, நீ இருந்துமா இப்படி?” காலையில் கலத்தை மூடுமுன், அப்பாவைத் தாங்கப்போகும் உலோகத்தை ஒருமுறை வெறுங்கையால் தடவிப் பார்த்த அவள் பெருவிரல் கையுறைக்குள் வியர்க்கிறது.

நடைக்கூடத்தில் கைத்தடி தட்டும் ஒலி நெருங்குகிறது. காலை இழுத்து இழுத்து வந்த அப்பா, கதவின் கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சிரிக்கிறார். “முடிஞ்சுதாம்மா? இந்தத் தடியை எந்தக் குப்பையில போடட்டும்?” அவளுக்குப் பின்னால், கழிவுத் தட்டில் உலோகம் விழும் ஓசை கேட்கிறது. அவள் கதவைப் பாதி திறக்கிறாள். “கையிலேயே வெச்சிருங்கப்பா,” என்கிறாள்.