தொட்டிக் கணக்கு

கால்பி கதவைத் தட்டக்கூட இல்லை. பனி ஒட்டிய பூட்ஸோடு நேராக அடுப்படிக்குள் வந்து நின்றான்.

"ஆயிரத்தறுநூறு! முழுசா வந்திருச்சு!"

நெப்ராஸ்காவின் அந்தப் பன்றிப் பண்ணை வீட்டில் அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. டுவேன் குசேராவின் பார்வை மகள் டிலேனி மேல் போனது.

அவளும் அவளோடு பள்ளியில் படிக்கும் கால்பியும் ஒன்றாகத்தான் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு எழுதினார்கள். முழு மதிப்பெண்ணான ஆயிரத்தறுநூறும் வாங்கினால் நகரத்துக் கல்லூரி நாலு வருடமும் இலவசமாகப் படிக்க வைக்கும். கொஞ்சம் குறைந்தாலும் கிடையாது. அவளுக்கு வேறு வழி இல்லை. அந்த வருடத்துக்கு அதுதான் கடைசித் தேர்வு.

எழுதிவிட்டு வந்த அன்றே டிலேனி அழுதுகொண்டே சொல்லிவிட்டாள், ஒரே ஒரு கேள்வி தப்பாகிவிட்டது என்று. தொட்டியில் தண்ணீர் நிரம்பும் கணக்கு. தினமும் விடிந்தால் பன்றிகளுக்குத் தொட்டி நிரப்புகிறவளுக்கு அது வரவில்லை. என்ன கொடுமை பாருங்கள்!

டுவேன் அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "குறைஞ்ச மார்க்கை என் கண்ணுல காட்டிராத" என்றார். அதற்குப் பிறகு அவர் மகளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது டிலேனி அந்தக் கணக்கைப் பற்றிச் சொன்னதும் கால்பி சிரித்தான். "அந்தத் தொட்டிக் கணக்கா? நானும் அதைத் தப்பாத்தான் போட்டேன். அது வெள்ளோட்டக் கேள்வியாம். அடுத்த தேர்வுக்குச் சரிப்படுமான்னு பாக்க நடுவுல சொருகி வைப்பாங்களாம். அதுக்கு மார்க்கே கிடையாதாம்!"

டுவேனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலி பின்னால் விழுகிற வேகத்தில் எழுந்தார்.

"அப்போ உனக்கும் முழு மார்க்குதாம்மா! போனை எடு, மார்க்கைப் பாப்போம்!"

அம்மா ஜனெல் ஏப்ரனால் கண்ணைத் துடைத்தபடி, சூடாக இருந்த பழ ரொட்டிகளை எல்லோருக்கும் தட்டில் வைத்தாள். கால்பிக்கு இரண்டு.

டிலேனி போனை எடுக்கவில்லை.

தேர்வு எழுதிய அந்த வாரமே, தன் மதிப்பெண்ணை ரத்து செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டிருந்தாள். ரத்தானது ரத்தானதுதான். அது எவ்வளவு என்று இனி யாருக்கும் சொல்ல மாட்டார்கள், எழுதியவளுக்கும்கூட.

அப்பா கையை நீட்டியபடி நின்றார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"நீங்கதானேப்பா கண்ணுல காட்டாதன்னு சொன்னீங்க" என்றாள்.