சிட்டு இன்னும் தின்னவில்லை

"கழுதை செத்துப்போன விஷயத்தை என் தங்கச்சி காதுல மட்டும் போட்டுடாதீங்கம்மா."

தமிழ்செல்வன் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் சுமித்ரா தலையாட்டினாள். பண்ணைக்கு வந்த விருந்தாளி சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அவருடைய தங்கை கோகிலவாணிக்கு, கணவரோடு போனபோது நடந்த விபத்தில் தலையில் அடிபட்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. அதிர்ச்சி கூடாதாம். போனில் டவர் கிடைக்காத இடமாகத் தேடி, இந்தக் கொல்லிமலைக்குக் கூட்டி வந்திருந்தார்.

சுமித்ராவின் கவலை வேறு. ஜோடிக் கழுதை முத்து செத்ததிலிருந்து சிட்டு ஒரு வாய் புல் தின்னவில்லை. படலோரம் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அது கத்தினால் விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இப்போது கத்துவதுகூட இல்லை. இதுவும் போய்விடுமோ என்று அவள் பயந்தாள். கால்நடை டாக்டரிடம் கேட்க, டவர் கிடைக்கும் வளைவுக்குப் போன கணவன் மாணிக்கத்தை இன்னும் காணோம்.

கோகிலவாணி ஒரு கைப்பிடிப் புல்லைச் சிட்டுவின் வாயருகே நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அது முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"ஏன் சுமித்ரா, இது யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்குது?"

"அதோட ஜோடிக்குங்க அக்கா. அதுக்கு வந்து... ஒடம்பு சரியில்லீங்க."

"எங்க இருக்குது?"

சுமித்ரா வாயெடுப்பதற்குள் பின்னால் நின்றிருந்த தமிழ்செல்வன் முந்திக்கொண்டார்.

"சேந்தமங்கலத்துல வைத்தியத்துக்கு விட்டிருக்காங்க கண்ணு. நல்லா முழிச்சுப் பாக்குதாம். கொஞ்ச நாள்ல நடக்க ஆரம்பிச்சுடும்னு டாக்டர் சொல்லியிருக்காராம்."

அடேயப்பா, என்ன சரளம்! சுமித்ரா அவரையே பார்த்தாள்.

கோகிலவாணி கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தாள். பிறகு, "இந்தச் சேதியை இதுகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?" என்றாள்.

பதில் சொல்வதற்குள் மாணிக்கம் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஏ புள்ள, டாக்டரு கண்டபடி வையறாரு! கழுதை பட்டினி கெடந்தா ஈரலே கெட்டுப்போயிருமாம். செத்ததை இதுக்குக் காட்டாம எதுக்குப் பொதைச்சீங்கன்னு கேக்கறாரு. பக்கத்துல நின்னு மோந்து பாத்துட்டா, அதுவா வெலகி வந்து மேயுமாம். இல்லாட்டி வரும் வரும்னு நின்னே செத்துருமாம்!"

சுமித்ரா கண்ணைக் காட்டியும் பயனில்லை. தமிழ்செல்வனின் முகம் வெளுத்துவிட்டது.

"உங்களை யாருய்யா இப்பப் பேசச் சொன்னது?"

அப்போதுதான் மாணிக்கத்துக்கு உறைத்தது. "தப்புத்தானுங்க. நீங்கெல்லாம் வர்ற நேரத்துல பொணம் கெடக்க வேண்டாம்னு, இதைக் கொட்டாயில அடைச்சுப்போட்டு அவசரமா குழி வெட்டிட்டமுங்க."

கோகிலவாணி மயங்கி விழவில்லை. அழவுமில்லை. எழுந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"குழி எங்க?"

மாணிக்கம் மிளகுக் கொடிகளுக்குப் பின்னால் கூட்டிப்போனான். இழுத்தாலும் நகராத சிட்டு, தானாகவே அவளோடு நடந்தது. முத்துவின் முதுகில் போடும் சாக்கை எடுத்து வந்து, மாணிக்கம் புதுமண்ணின்மேல் விரித்தான்.

சிட்டு மூக்கைத் தாழ்த்தியது.

மூடுபனி ஒருமுறை வந்து எல்லாரையும் மறைத்துவிட்டு விலகியது. சுமித்ரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கழுதை அசையவே இல்லை.

பிறகு ஒரு நீண்ட மூச்சு விட்டது. மெல்லத் திரும்பியது. வரப்போரப் புல்லில் ஒரு வாய் கடித்து இழுத்தது.

"தின்னுதுங்க!" என்றாள் சுமித்ரா, குரல் உடைந்து.

கோகிலவாணி கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணா, எங்க ஊட்டுக்காரரும் ஆஸ்பத்திரியில நல்லா முழிச்சுப் பாக்கறாருன்னுதான் தெனமும் சொல்றீங்க. அவரை எங்க பொதைச்சீங்க?"